ஒரே கடிதம், பல பிரதிகள்: ஜெஃபர்சன் காலத்து அரசுக் கடிதங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் குடியரசின் முதல் வெளியுறவுச் செயலராக 1790 மார்ச் 22 முதல் 1793 டிசம்பர் 31 வரை இருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அவருடைய கடிதங்களை இன்று இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். படிக்கத் தொடங்கிய வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

ஜெராக்ஸ் இல்லாத காலத்தில், தான் அனுப்பிய கடிதங்களுக்கு ஜெஃபர்சன் நகல் வைத்திருந்தாராமே! எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதினாரா? – வாசகர், திருநெல்வேலி

இரண்டு முறை எழுதவில்லை. நீராவி இயந்திரத்துக்குப் பெயர்பெற்ற ஜேம்ஸ் வாட் 1780இல் ஒரு நகலெடுக்கும் அழுத்தி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் தூதராக இருந்தபோது, 1785இல், ஜெஃபர்சன் அப்படி ஒன்றை வரவழைத்துக்கொண்டார். வெளியுறவுச் செயலரான பிறகும் அழுத்தியையே பயன்படுத்தினார்.

செய்முறை இதுதான். மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்த மைதான் அன்றைய எழுதுமை. நகலெடுக்க வேண்டிய கடிதத்துக்கு அந்த மையில் பசையோ சர்க்கரையோ கூட்டிக் கெட்டியாக்குவார்கள். அப்போதுதான் மை தாளுக்குள் முழுவதும் இறங்காமல் மேலாகவும் தங்கும். எழுதிய ஒரு நாளுக்குள் நகலெடுத்துவிட வேண்டும். பசை ஏற்றாத, மிக மெல்லிய தாள் ஒன்றை நீரில் நனைத்து, துணிகளுக்கு நடுவே வைத்து அதிகப்படி ஈரத்தை எடுத்துவிட்டு, கடிதத்தின் மீது பரப்பி அழுத்தியில் கொடுப்பார்கள். மேலாக நிற்கும் மையில் ஒரு பங்கு ஈரத்தாளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருக்கும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கமாகத் திருப்பினால் எழுத்து நேராகத் தெரியும். இதைத்தான் பிரஸ் காப்பி என்கிறார்கள்.

கெடுவதற்கு வழிகள் நிறைய. ஈரம் மிகுந்தால் எழுத்து கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். குறைந்தால் பாதி எழுத்து வரவே வராது. மை பழையதானால் மங்கல்தான் மிஞ்சும். தாள் சற்று விலகினால் வரியின் கடைசிச் சொற்கள் ஓரத்தோடு போய்விடும். நல்ல நகலாக ஒன்று எடுக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் மங்கலாகத்தான் வரும். பல பிரஸ் காப்பிகளில் மங்கிய சொற்களின் மேலேயே ஜெஃபர்சன் பேனாவால் மறுபடி எழுதியிருக்கிறார். அப்படி எழுதிய சொல் அசலில் இருந்த சொல்லேதானா என்று பதிப்பாசிரியர்கள் ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1804 முதல் அவர் பாலிகிராஃப் என்னும் வேறொரு கருவிக்கு மாறினார். ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் வடிவமைத்து, பிலடெல்ஃபியாவில் சார்லஸ் வில்சன் பீல் செய்துகொடுத்த கருவி அது. நெம்புகோல்களால் இணைந்த இரண்டு பேனாக்கள். ஒன்றால் எழுதும்போது மற்றது பக்கத்துத் தாளில் அதே எழுத்தை எழுதும். இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் இரண்டாவது பேனா தாளைத் தொடாது. அதனால் கருவியைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் பீலுக்கு ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தார். ஆனாலும் இந்தக் காலத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று அதை மனதாரப் பாராட்டினார்.

ஒவ்வொரு கடிதத்தின் கீழும் ஆர்சி, பிஆர்சி, டிஎஃப்டி, எஃப்சி, எஸ்ஜேஎல் என்று ஆங்கிலச் சுருக்கங்கள் வருகின்றன. இவை என்ன? எதை நம்புவது? – வாசகர், கொழும்பு

நீங்கள் படிப்பது கடிதத்தின் எந்தப் பிரதி என்பதை அந்தச் சுருக்கங்கள்தான் சொல்கின்றன. கடிதத்துக்கு முன்பாகவே அவற்றைப் படித்துவிடுவது நல்லது.

ஆர்சி என்றால் பெறுநர் கையில் போய்ச் சேர்ந்த பிரதி. பிஆர்சி என்றால் மேலே சொன்ன பிரஸ் காப்பி. டிஎஃப்டி வரைவு. எஃப்சி அலுவலகக் குமாஸ்தா தடித்த பதிவேட்டில் பெயர்த்தெழுதி வைத்த கோப்புப் பிரதி. எஸ்ஜேஎல் ஜெஃபர்சனின் சொந்தத் தபால் பதிவேடு: ஒரு நெடுவரிசையில் தான் எழுதியவை, இன்னொன்றில் தனக்கு வந்தவை. 1783 நவம்பர் 11இல் தொடங்கி, இறப்பதற்குச் சில நாள் முன்பு, 1826 ஜூன் 25 வரை விடாமல் எழுதிய 656 பக்கங்கள். கடிதமே தொலைந்துபோயிருந்தாலும், அது எழுதப்பட்டது என்பதற்கு இந்தப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும்.

எதிராளி என்ன படித்தார் என்பது உங்கள் கேள்வியானால் ஆர்சியைப் பாருங்கள். ஜெஃபர்சன் மனதில் முதலில் என்ன இருந்தது என்பதற்கு வரைவைப் பாருங்கள். அடித்த சொற்களை வேறு குறியிட்டுக் காட்டியிருப்பார்கள். எஃப்சி மட்டுமே எஞ்சியிருந்தால் எண்களையும் ஆட்பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குமாஸ்தாவின் கண் ஒரு வரி தாண்டியிருக்கலாம்.

தேடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பதிப்பில் மூல எழுத்துக்கூட்டலை மாற்றுவதில்லை. ஜெஃபர்சன் ‘ரிசீவ்’ என்ற சொல்லில் இ, ஐ இரண்டையும் இடம் மாற்றி எழுதும் வழக்கமுள்ளவர். இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் அவருடைய கடிதங்கள் பல சிக்காமல் போகும். வாக்கியத்தின் தொடக்கத்தில் பெரிய எழுத்து போடாததும் அவர் வழக்கம்தான். அது அச்சுப்பிழை அல்ல.

ஓர் அரசுக் கடிதம் எழுதி அனுப்புவதற்குள் எத்தனை கை மாறும்? – வாசகர், திருச்சி

வரும் தபாலிலிருந்தே தொடங்க வேண்டும். 1801 நவம்பர் 6 அன்று, குடியரசுத் தலைவராகத் தன் துறைச் செயலர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ஜெஃபர்சன் முதல் தலைவரான வாஷிங்டன் காலத்து நடைமுறையை விளக்கியிருக்கிறார். துறைக்கு வரும் கடிதம் தலைவரின் பார்வைக்குப் போகும். பதில் வேண்டியதென்றால், செயலர் தான் எழுத நினைக்கும் பதிலின் வரைவையும் கூடவே அனுப்புவார். பெரும்பாலும் அது அப்படியே திரும்பிவரும். சில நேரம் கேள்வியோடு வரும். பிறகுதான் குமாஸ்தா செம்பிரதி எழுதுவார், செயலர் கையெழுத்திடுவார், பதிவேட்டில் ஏறும். இத்தனையும் ஒரு சிறிய அலுவலகத்துக்குள். 1789ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைமைக் குமாஸ்தாவுக்கு ஆண்டுச் சம்பளம் 800 டாலர், மற்றவர்களுக்கு அதிகபட்சம் 500. செயலருக்கு 3,500.

பெரிய விவகாரம் என்றால் அமைச்சரவையே உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கும். 1793இல் பிரெஞ்சுத் தூதர் ஜெனே, நடுநிலை வகித்த அமெரிக்காவின் துறைமுகங்களில் பிரான்சுக்காகப் போர்க்கப்பல்களை ஆயத்தம் செய்தார். அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும்படி பிரெஞ்சு அரசைக் கேட்க, பாரிஸிலிருந்த அமெரிக்கத் தூதர் கவர்னர் மாரிஸுக்கு (‘கவர்னர்’ என்பது அவர் பெயர், பதவி அல்ல) ஜெஃபர்சன் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். ஆகஸ்ட் 20 அன்று அமைச்சரவை அதைப் பத்தி பத்தியாகப் படித்தது. தகராறு வந்தது ஒரே ஒரு சொற்றொடரில். ஜெனேயின் செயல் இரு நாடுகளையும் மோதவிட்டு, சுதந்திரம் தன்னோடு தானே போரிட்டது என்ற பழியைக் கொண்டுவரும் என்று வரைவில் இருந்தது. ‘சுதந்திரம் தன்னோடு தானே போரிட்டது’ என்பதை நீக்கச் சொன்னார் நிதிச் செயலர் ஹாமில்டன். பிரான்ஸ் சுதந்திரத்துக்காகத்தான் போராடுகிறது என்று அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் தரப்பின் கவலை. வாஷிங்டனுக்கு அந்த வரி இருக்க வேண்டும் என்றே எண்ணம். பெரும்பான்மை எதிராக இருந்ததால் நீக்கிவிட்டார்கள். இந்த ஒரு அடித்தலில், அன்றைய அமைச்சரவைக்குள் பிரான்ஸைப் பற்றி இருந்த பிளவு முழுவதும் தெரிகிறது. இறுதிப் பிரதியை மட்டும் படிப்பவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

அதே கடிதத்தின் தேதியையும் பாருங்கள்: ஆகஸ்ட் 16. அமைச்சரவை அதைப் பரிசீலித்ததோ 20ஆம் தேதி. கடிதத் தலைப்பில் உள்ள தேதியை மட்டும் வைத்து ‘இந்த நாளில் முடிவெடுத்தார்கள்’ என்று எழுதுவது ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிக்கடி நேரும் பிழை.

“ஸ்பெயினில் உள்ள நம் தூதரிடமிருந்து இரண்டு ஆண்டாகத் தகவல் இல்லை. இந்த ஆண்டும் வராவிட்டால் ஒரு கடிதம் போடுவோம்” என்று ஜெஃபர்சன் சொன்னாராமே! – வாசகர், கோவை

தூதரிடமிருந்து கடிதம் வராதது உண்மை. ஜெஃபர்சன் எழுதாமல் சும்மா இருந்தார் என்பது உண்மையல்ல. மாட்ரிடில் இருந்த பிரதிநிதி வில்லியம் கார்மைக்கேல். 1791 மார்ச் 12 அன்று அவருக்கு எழுதிய கடிதத்தில், கடைசியாக வந்த உங்கள் கடிதம் 1789 மே 6 தேதியிட்டது, அதற்கு ஏறக்குறைய இரண்டு வயதாகிவிட்டது என்று ஜெஃபர்சன் சுட்டிக்காட்டுகிறார். அதற்கு முன்பே, 1790 ஆகஸ்ட் 2 அன்று, மிசிசிப்பி ஆற்றில் கப்பல் செலுத்தும் உரிமை பற்றி விரிவான அறிவுறுத்தல் எழுதி டேவிட் ஹம்ப்ரீஸ் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். ஐரோப்பாவில் போர் மூளும் சூழலில், ஆற்றின் முகத்துவாரம் ஸ்பெயின் வசம் இருந்தபோது, அந்த மௌனம் அவருக்குப் பெரும் கவலை. அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்ட மனிதராக அவரைக் காட்டுவது சரியல்ல.

கப்பல் மூழ்கினால் அரசுக் கடிதம் போனது போனதுதானா? – வாசகர், தூத்துக்குடி

அதற்காகத்தான் ஒரே கடிதத்தை இரண்டு, மூன்று பிரதிகளாக எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்பினார்கள். மூழ்குவதை விட எதிரி கப்பலைப் பிடிப்பதுதான் பெரிய ஆபத்து. அரசுத் தபால் பையில் கனமான பொருளைக் கட்டி வைத்திருப்பார்கள். எதிரி நெருங்கினால் பை கடலுக்குள் போய்விடும்.

அமெரிக்காவின் சிறப்புத் தூதராகச் சென்ற ஜான் ஜே இங்கிலாந்தோடு செய்த உடன்படிக்கை 1794 நவம்பர் 19இல் கையெழுத்தானது. முதலில் அனுப்பிய இரண்டு பிரதிகள் சென்ற டாங்கர்வில் என்ற தபால் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிரதிகள் கடலில் எறியப்பட்டன. வேறு வழியாக வந்த பிரதி பிலடெல்ஃபியா சேர்ந்தது 1795 மார்ச் 7. நான்கு நாள் முன்பே காங்கிரஸ் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். உடன்படிக்கைக்கு ஒப்புதல் தர வேண்டிய செனட்டை மறுபடி கூட்ட ஜூன் வரை பொறுக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. ஜெனேக்குப் பின் வந்த பிரெஞ்சுத் தூதர் ஃபோஷே தன் நாட்டுக்கு அனுப்பிய அறிக்கை ஒன்றை பிரிட்டிஷ் போர்க்கப்பல் கைப்பற்றியது. அந்தப் பை மூழ்கிப் போகவில்லை. அறிக்கை வாஷிங்டன் கைக்கு வந்ததும், அதில் தன் மீது சந்தேகம் எழுப்பிய வரிகளுக்காக வெளியுறவுச் செயலர் எட்மண்ட் ராண்டால்ஃப் 1795 ஆகஸ்ட் 19 அன்று பதவி விலகினார். அதன் மொழிபெயர்ப்பில் குறைகள் இருந்தன என்பது பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது. பிரெஞ்சு மூலத்தைச் சேர்த்துப் படிக்காமல் ராண்டால்ஃபைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ரகசியச் செய்திகளை எப்படி எழுதினார்கள்? – வாசகர், சேலம்

எண்களால். சொல், அசை, எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து அச்சிட்ட பட்டியல் இரு தரப்பிடமும் இருக்கும். பெரிய பட்டியல்களில் சுமார் 1,700 எண்கள். கடிதம் முழுவதையும் எண்ணாக்குவதில்லை, மறைக்க வேண்டிய வரிகளை மட்டும்தான். பெறுநர் பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் எண்ணின் மேலும் சொல்லை எழுதிக்கொள்வார். அதனால் கைப்பிரதியில் வரிகளுக்கிடையே பொடி எழுத்து தெரியும். ஓர் இலக்கம் தவறினால் வேறு சொல் விழும். பட்டியல் கையில் இல்லையென்றால் கடிதம் வெறும் எண்கள்தான். 1793 கோடையில் ஜெஃபர்சன் ஜெனே விவகாரம் பற்றி எண்களில் எழுதியபோது, வர்ஜீனியாவில் இருந்த அவர் நண்பர் மேடிசனால் படிக்க முடியவில்லை. பட்டியலை பிலடெல்ஃபியாவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

எதிரிக்கு எழுதும்போதும் ‘தங்கள் மிகப் பணிவான ஊழியன்’ என்று முடிக்கிறாரே! – வாசகர், ஈரோடு

அது அன்றைய முடிப்பு வாசகம். பணிவுக்கு அளவுகோல் அல்ல. நம் பள்ளி விடுப்புக் கடிதத்தின் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ அந்த ஆங்கில மரபின் வழி வந்ததுதான். கவனிக்க வேண்டியது முன்னால் வரும் அடைமொழி. ‘மிகுந்த மனமார்ந்த மதிப்புடனும் அன்புடனும்’ என்று நண்பருக்கு நீளும். பிடிக்காதவருக்கு ‘மரியாதையுடன்’ என்று சுருங்கும். ஒரே ஆளுக்கு எழுதிய கடிதங்களின் கடைசி வரிகளை மட்டும் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள், உறவு எப்போது கெட்டது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கடிதங்களில் சென்னை வருகிறதா? – வாசகர், சென்னை

அமெரிக்கத் தூதரகப் பணியின் தொடக்கத்தில் சென்னைக்கு இடம் உண்டு. 1792 நவம்பரில் வாஷிங்டன், பெஞ்சமின் ஜாயை கல்கத்தாவுக்குக் கான்சலாக (தன் நாட்டு வணிக நலனைக் கவனிக்கும் அரசுப் பிரதிநிதியாக) நியமித்தார். அவர் 1794இல் வந்து சேர்ந்தபோது கிழக்கிந்திய கம்பெனி கான்சல் என்று ஏற்க மறுத்து, வணிக முகவராகத் தங்க மட்டும் இடம் கொடுத்தது. அதே ஆண்டு சென்னையில் வில்லியம் அபாட் அமெரிக்க முகவராக நியமிக்கப்பட்டார். இணையத்தில் தேடுபவர்கள் ‘சென்னை’ என்று தேடாமல் ‘மெட்ராஸ்’, ‘ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ்’, ‘கோரமண்டல்’ ஆகிய மூன்றையும் தனித்தனியாக ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள்.