இறக்குமதி கேள்வி பதில்: அட்வான்ஸ் அனுப்பும் முன் கேளுங்கள்

சென்னையில் சுங்கத் தரகு வேலை பார்க்கிறேன். வியாபாரத்துக்காக வெளிநாட்டுச் சரக்கு எடுப்பவர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

திருப்பூர் வாசகர்: சீனாவிலிருந்து பொத்தான், ஜிப் எடுக்கப் போகிறேன். இதுதான் முதல் தடவை. எதில் தொடங்குவது? வரி எவ்வளவு வரும்?

முதலில் டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் ஐ.இ.சி. எனும் இறக்குமதி ஏற்றுமதி எண்ணை எடுங்கள். கட்டணம் 500 ரூபாய். உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. எண்ணாகவும் வரும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். விட்டால் எண் முடங்கிவிடும். அப்புறம் வங்கியில் ஏ.டி. கோடு (வெளிநாட்டுப் பணம் அனுப்பும் வங்கிக் கிளையின் எண்) கடிதம் வாங்கி ஐஸ்கேட் எனும் சுங்கத் தளத்தில் பதிந்துவிடுங்கள்.

வரிக்கு எச்.எஸ். கோடு, அதாவது பொருளை வகைப்படுத்தும் எண்தான் ஆதாரம். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. நம் நாட்டில் எட்டு இலக்கம் வரை பார்க்க வேண்டும். சப்ளையர் இன்வாய்ஸில் போட்டிருக்கும் கோடை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சரக்கு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 1,00,000 ரூபாய், அடிப்படை வரி 10 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 10,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், அது 1,000. இப்போது மொத்தம் 1,11,000. ஐ.ஜி.எஸ்.டி. இந்தத் தொகைக்குத்தான்: 19,980. ஆக நீங்கள் கட்டுவது 30,980. இதில் 19,980 உள்ளீட்டு வரியாக, அதாவது விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும்படி, திரும்பக் கிடைக்கும். சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் சரியாக ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கையை விட்டுப் போவது 11,000 மட்டுமே. விலை போடும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

இன்னொன்று: கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். பிந்தினால் முதல் மூன்று நாள் தினம் 5,000, அதற்கு மேல் தினம் 10,000 தாமதக் கட்டணம்.

மதுரை வாசகர்: பவர் பேங்க் ஆர்டர் போட்டு அட்வான்ஸும் அனுப்பிவிட்டேன். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு வேண்டும் என்கிறார்கள். இங்கே வந்ததும் எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. பதிவு, தயாரிக்கும் ஆலையின் பெயரில், குறிப்பிட்ட பிராண்டுக்கும் மாடலுக்கும் கிடைப்பது. உங்கள் பிராண்ட் பெயர் அந்தப் பதிவில் இல்லாவிட்டால், சப்ளையர் அனுப்பும் சான்றிதழ் நகலால் பயனில்லை. பதிவில்லாமல் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பயன்படாதபடி உடைத்துவிடுவார்கள். சரக்கு இன்னும் ஏறவில்லை என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அனுப்பும் முன் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

கோவை வாசகர்: பொம்மைக்கும் பி.ஐ.எஸ். உண்டா?

உண்டு. 2021 ஜனவரி முதல் கட்டாயம்.

சேலம் வாசகர்: புளூடூத் ஸ்பீக்கருக்கு?

பி.ஐ.எஸ். பதிவு வேண்டும். வயர்லெஸ் என்பதால் டபிள்யூ.பி.சி. (தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவு) ஒப்புதலும் வேண்டும். எல்.இ.டி. பல்பு, சார்ஜர், அடாப்டர் பற்றிக் கேட்ட மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பி.ஐ.எஸ். தளத்தில் பட்டியல் இருக்கிறது. பார்த்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு பொருளாக இனி இங்கே சொல்லப் போவதில்லை.

ஓசூர் வாசகர்: சப்ளையர் சி.ஐ.எஃப். சென்னை (சென்னை வரை கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் அவர் பொறுப்பு) என்று மிகக் குறைந்த கூலி சொல்கிறார். சரக்கு இரண்டு கன மீட்டர்தான். எடுக்கலாமா?

வேண்டாம். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கன்டெய்னரில் மற்றவர்களோடு பங்குச் சரக்காக வரும்போது, அங்குள்ள ஃபார்வர்டர்கள் (சரக்கு அனுப்பும் ஏஜென்டுகள்) கூலியைக் குறைத்து, சில சமயம் இலவசமாகவே காட்டி, சப்ளையரைப் பிடிப்பார்கள். விட்டதை இங்கே டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் கடிதம்) கட்டணம், கையாளும் கட்டணம், இன்னும் பல பெயர்களில் உங்களிடம் வசூலிப்பார்கள். ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுத்தது சப்ளையர், அதனால் நீங்கள் பேரம் பேச வழியில்லை. டெலிவரி ஆர்டர் கைக்கு வராமல் சரக்கு வெளியே வராது. நாள் ஓட ஓட டெமரேஜ் (சரக்கு எடுக்காமல் கிடப்பதற்கான கட்டணம்) ஏறும். எஃப்.ஓ.பி. (அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்கான) விலைக்கு வாங்கி, இங்குள்ள ஃபார்வர்டரிடம் இரண்டு பக்கச் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மரப் பலகையில் கட்டி வருகிறதா? பலகையின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் முத்திரையும், நாட்டுக் குறியீடும், எச்.டி. (சூடேற்றியது) அல்லது எம்.பி. (பூச்சிக்கொல்லிப் புகையிட்டது) என்ற எழுத்தும் இருக்க வேண்டும். ஏற்றும் முன் போட்டோ வாங்கிப் பாருங்கள்.

கடலூர் வாசகர்: கூரியரில் 'கிஃப்ட்' என்று போட்டு வரவழைக்கலாமா?

கூடாது. 2019 டிசம்பருக்குப் பிறகு வரியில்லாப் பரிசு என்ற சலுகை ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான்.

சென்னை வாசகர்: இன்வாய்ஸில் பாதி விலை போடுவதுதான் ஊர் வழக்கம். நீங்கள் மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை. கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் சரக்கை 5 லட்சம் என்று காட்டினால், மேலே சொன்ன விகிதத்தில் உண்மையில் மிச்சம் 55,000. ஐ.ஜி.எஸ்.டி. எப்படியும் திரும்பக் கிடைப்பது, அது மிச்சத்தில் சேராது. பதிலுக்கு, 5 லட்சம் கொள்முதல் உங்கள் புத்தகத்தில் இல்லாமல் போகிறது. அது லாபமாகத் தெரியும். 30 சதவீதம் வருமான வரி கட்டும் நிறுவனமென்றால் ஒன்றரை லட்சம் கூடுதல் வரி. மீதிப் பணத்தை வங்கி வழியாக அனுப்பவும் முடியாது. அங்கே ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) வந்துவிடும்.

அதே வாசகர்: பில் இல்லாமல் விற்றால் அந்த லாபமும் தெரியாதே?

அப்படியென்றால் சுங்கம், ஜி.எஸ்.டி., வருமான வரி மூன்றிலும் பொய் சொல்கிறீர்கள். வேண்டுமென்றே மறைத்ததற்கு ஐந்து வருடம் பின்னோக்கிப் போய் வரி கேட்கலாம். வட்டி தனி, வரிக்குச் சமமான அபராதம் தனி. சப்ளையரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலே சாட்சியாகும். இந்த வேலைக்கு என்னிடம் வராதீர்கள்.

தூத்துக்குடி வாசகர்: இவர்களால் நேர்மையாக வாங்குபவனுக்குத்தான் அடி. நான் உண்மையிலேயே குறைந்த விலைக்கு வாங்கினேன். மற்றவர்கள் விலையைக் காட்டி சுங்க அதிகாரிகள் என் சரக்கின் மதிப்பை ஏற்றிவிட்டார்கள்.

உங்கள் கோபம் நியாயம். ஆனால் சரக்கு அவசரம் என்று ஏற்றிய மதிப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் வாதாடுவது கடினம். ஒப்பந்தம், வங்கியில் பணம் அனுப்பிய ஸ்விஃப்ட் நகல், விலை பேசிய மின்னஞ்சல், சப்ளையரின் விலைப்பட்டியல் நான்கையும் கொடுங்கள். ஏற்கவில்லை என்று எழுத்தில் சொன்னால், மறுமதிப்பீடு செய்த அதிகாரி 15 நாளுக்குள் காரணம் சொல்லி ஆணை தர வேண்டும். அதை வைத்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டுக் கமிஷனரிடம் முறையீடு செய்யலாம். விலை விவகாரம் முடியும்வரை தற்காலிக மதிப்பீட்டில் பாண்டு (வித்தியாச வரி வந்தால் கட்டுவேன் என்ற உறுதிப் பத்திரம்) கொடுத்துச் சரக்கை எடுக்கவும் கேட்கலாம். காத்திருந்தால் டெமரேஜ் ஏறும் என்பதால் இதை முதல் நாளே கேளுங்கள்.

சிவகாசி வாசகர்: பழைய அச்சு இயந்திரம் எடுக்கலாமா?

எடுக்கலாம். பட்டய இன்ஜினியர் சான்றிதழ் வேண்டும். தயாரித்த வருடம், மீதமுள்ள ஆயுள், மதிப்பு மூன்றும் அதில் இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷின் என்றால் தனி அனுமதி. அதற்கும் அட்வான்ஸ் அனுப்பும் முன் கேளுங்கள்.