நியூகாசிலுக்குப் போக நாக்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். நர்ஸாக ஆறு வருட அனுபவம். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் தேறி, இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகியிருக்கிறது. ‘உங்கள் இங்கிலீஷில் தமிழ் வாடை அடிக்கிறது. 45,000 ரூபாய் கட்டி பிரிட்டிஷ் ஆக்சென்ட் கோர்ஸில் சேராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்’ என்கிறார் ஏஜென்ட். சேரலாமா? அங்குள்ளவர்கள் பேசுவது எனக்குப் புரியுமா?

பதில்: சேராதீர்கள். உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தே சாப்பிடுகிறவன் நான், நானே சொல்கிறேன். அந்தப் பணத்தில் நல்ல மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓஇடி பேச்சுத் தேர்வில் பார்ப்பது நீங்கள் சொல்வது கேட்பவருக்குப் புரிகிறதா என்பதைத்தான், லண்டன்காரர் போல இருக்கிறதா என்பதை அல்ல. அதில் ‘பி’ கிரேடு வாங்கியதால்தானே பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவுசெய்யும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் உங்கள் பேச்சை ஏற்கிறது? அவர்கள் பாஸ் போட்ட நாக்கை ஏஜென்ட் ஃபெயிலாக்குகிறார். வாடை வேறு, புரியாமை வேறு. மன்ரோ, டெர்விங் என்ற கனடா ஆய்வாளர்கள் 1995-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். வேற்றுமொழி வாடை தூக்கலாக இருந்த பேச்சைக்கூடக் கேட்டவர்கள் பல இடங்களில் சொல் பிசகாமல் எழுதிக் கொடுத்தார்கள்.

நீங்கள் சரிசெய்ய வேண்டியது கொஞ்சம்தான். ‘பெயின்’ என்பதில் முதல் எழுத்தைக் காற்றோடு சொல்லுங்கள், வாய்க்கு எதிரே பிடித்த உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் காதில் அது ‘பேபி’யின் ‘பே’ போல விழும். (தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’தான், எழுதிக்கூடக் காட்ட முடியவில்லை பாருங்கள்.) ‘ஒன்லி’யை ‘வொன்லி’ ஆக்காதீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் எண்கள் விஷயம் வேறு. இதில் மட்டும் நான் விடமாட்டேன். ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் அவர்கள் வேறுபாடு காண்பது பெரும்பாலும் அழுத்தத்தில். தனியாகச் சொல்லும்போது ஃபிஃப்டீனில் கடைசிப் பகுதியை அழுத்துவார்கள், ஃபிஃப்டியில் முதல் பகுதியை. நாம் இரண்டையும் ஒரே சீராகச் சொல்லிவிடுவோம். சரி, அழுத்தம் பழகிவிட்டால் தீருமா என்றால் தீராது. பின்னால் ‘மில்லிகிராம்’ என்று வந்தால் அவர்களே ஃபிஃப்டீனின் அழுத்தத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள், அப்போது உள்ளூர்க்காரருக்கே குழம்பும். அதனால் மருந்தளவில் ‘ஃபிஃப்டீன்’ என்றதும் ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கமாகவும் சொல்லுங்கள். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 13 முதல் 19 வரைக்கும், 30 முதல் 90 வரையுள்ள பத்துகளுக்கும் இதை விடவே கூடாது. போனில் கேட்டால் இரண்டு தடவை.

அடுத்தது தொனி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஊழியர்களுக்கான கேன்டீனில் பரிமாறிய இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் போய்ப் பார்த்தார். குழம்பு வேண்டுமா என்று கேட்க வெள்ளைக்காரப் பெண்கள் ‘கிரேவி?’ என்று குரலை ஏற்றுவார்கள். நம் பெண்கள் ‘கிரேவி’ என்று இறக்கிவிட்டார்கள். ‘இதுதான், வேண்டுமானால் எடு’ என்பதுபோல அது ஒலித்திருக்கிறது. நமக்குத் தமிழில் ‘குடுங்க’வில் உள்ள ‘ங்க’ மரியாதையைப் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு ‘ப்ளீஸ்’ வேண்டும், ஏறும் குரல் வேண்டும். தலையை மட்டும் ஆட்டாமல் ‘யெஸ்’ என்று வாயால் சொல்லுங்கள். நம் தலையாட்டல் அவர்களுக்கு ‘இல்லை’யாகப்படும்.

அவர்கள் பேச்சு புரியுமா? முதல் மாதம் திணறும். அந்தப் பக்கத்து முதியவர் ‘நெட்டி’ என்றால் கழிப்பறை. ‘பேர்ன்’ என்றால் குழந்தை. ‘டீ’ என்று மாலை உணவையும் சொல்வார்கள். உங்களை ‘பெட்’ என்று கூப்பிட்டால் கோபப்படாதீர்கள், அது நம் ‘கண்ணு’ மாதிரி. ‘நாட் டூ பேட்’ (பரவாயில்லை) என்று ஒருவர் சொன்னதும் சும்மா நகர்ந்துவிடாமல் வலி பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். இதையெல்லாம் எந்த பிரிட்டிஷ் ஆக்சென்ட் கோர்ஸிலும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்கு எரிச்சலே இதில்தான். வெளிநாட்டு நர்ஸுக்குத் தேர்வுமேல் தேர்வு வைக்கிறார்கள், அவளோடு பேசப்போகும் வார்டுக்காரர்களுக்கு அவள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மணி நேரப் பயிற்சிகூடக் கிடையாது. இங்கேயோ நான்கு வருட நர்சிங் படிப்பை ஆங்கிலத்தில் நடத்துகிறோம், வாயைத் திறக்க விடுவதில்லை. அந்தச் சந்தில்தான் ஏஜென்ட் கடை விரிக்கிறார்.

பிரிட்டனின் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் ஏஜென்சி பணம் வாங்கக் கூடாது. பயிற்சிக்குப் பணம் கட்டினால்தான் வேலை என்று நிபந்தனை போடவும் அங்கே தடை இருக்கிறது. நம் நாட்டில் பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். கட்டணம் என்று கேட்க முடியாததை ‘கோர்ஸ்’ என்று பெயர் மாற்றிக் கேட்கிறார்கள். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் உள்ள ஏஜென்சியின் பெயர், அங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சார்ந்த ‘என்எச்எஸ் எம்ப்ளாயர்ஸ்’ அமைப்பின் நேர்மையான ஏஜென்சிகள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், கோர்ஸ் கட்டாயமா என்று மருத்துவமனைக்கே நேரடியாக ஒரு மெயில் போடுங்கள். ஏஜென்ட் வழியாகக் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் (புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்) அலுவலகத்தில் புகார் கொடுக்க அவைதான் வேண்டும்.