டிஷ்ஷை விடுங்கள், பாக்ஸைப் பாருங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒன்பது வருடமாக ஒரே டிடிஎச் இணைப்பு வைத்திருக்கிறோம். போன மாதம் பழைய பெட்டி டிவியைக் கொடுத்துவிட்டு 43 அங்குல எல்இடி டிவி வாங்கினோம். படம் முன்பைவிட மங்கலாக இருக்கிறது, கிரிக்கெட்டில் பந்தே தெரியவில்லை என்கிறார் அப்பா. கடைக்காரர், 'பழைய டிஷ்ஷில் எச்டி வராது, புது கனெக்‌ஷன் எடுங்க' என்கிறார். கஸ்டமர் கேரில், பாக்ஸை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? பழைய பாக்ஸை அம்மா அறையில் இருக்கும் சின்ன டிவிக்குப் போடலாமா? மாதச் செலவு எவ்வளவு கூடும்?"

இந்த விஷயத்தில் கஸ்டமர் கேர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர்களுக்கும் பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிவிக்குப் பின்னால் போய், இப்போதுள்ள செட்டாப் பாக்ஸைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் இருக்கும். அவற்றின் பக்கத்தில் தட்டையாக, கீழ்ப்பக்கம் கொஞ்சம் குறுகலாக, 'எச்டிஎம்ஐ' என்று எழுதிய துளை இருக்கிறதா? இருந்தால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் எச்டி பாக்ஸ்தான். ஒன்பது வருடத்தில் பாக்ஸ் ஒருமுறை பழுதாகி மாற்றிக் கொடுத்திருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ஒரு எச்டிஎம்ஐ ஒயரும் பேக் மாற்றமும் மட்டுமே. இதைப் பார்க்காமலே புது பாக்ஸுக்குப் பணம் கட்டிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

புது டிவியில் படம் ஏன் மோசமாகத் தெரிகிறது என்பதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். டிவியில் கோளாறு இல்லை. எஸ்டி (சாதாரணத் தர) படம் என்பது 720க்கு 576 புள்ளிகள், அதாவது மொத்தம் 4,14,720. எச்டி (உயர்தர) படம் 1920க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. பழைய பெட்டி டிவியின் திரை எஸ்டி படத்துக்கென்றே செய்தது, அளவிலும் சின்னது. இப்போது அதே நாலு லட்சம் புள்ளிகளை 43 அங்குலத்துக்கு இழுத்துப் பரப்ப வேண்டியிருக்கிறது. முகம் பூசினாற்போலத் தெரியும், ஸ்கோர் எழுத்தைச் சுற்றி நிழல் ஆடும், வேகமாகப் போகும் பந்து கரைந்துவிடும்.

எல்லா டிவிக்கும் எச்டி தேவை என்று நான் சொல்லமாட்டேன். 32 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். அந்தத் தூரத்தில் நம் கண்ணே அவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்காது. 43 அங்குலத்தை எட்டு ஒன்பது அடியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். உங்கள் கூடத்தில் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்பா கிரிக்கெட் பார்ப்பவர் என்பதால், என் கணிப்பில் உங்கள் வீட்டுக்கு இந்தச் செலவு தகும்.

இனி டிஷ். கடைக்காரர் சொன்னது தவறு. தட்டுக்கு எஸ்டி, எச்டி என்ற பேதமே கிடையாது. வானத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைக் குவித்து, தட்டுக்கு முன்னால் நீட்டியிருக்கும் சின்னப் பெட்டியான எல்என்பிக்குள் தள்ளுவதுதான் அதன் வேலை. அந்த அலைக்குள் எந்தச் சேனல் எந்தத் தரத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்துப் படமாக்குவது பாக்ஸ். ஒரே நிறுவனத்தின் எஸ்டி சேனலும் எச்டி சேனலும் பொதுவாக ஒரே திசையிலிருந்துதான் வருகின்றன. நிறுவனத்தை மாற்றினால்தான் தட்டைத் திருப்ப வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் வானத்தில் இடம் வேறு. டாடா பிளேவுக்கு 83 டிகிரி கிழக்கு, டி2எச்சுக்கு 88, டிஷ் டிவிக்கு 95, ஏர்டெலுக்கு 108.2. சன் டைரக்ட் 91.5, 93.5 என இரண்டு இடங்களிலிருந்து ஒளிபரப்புகிறது. இப்படி இரண்டு இடங்களிலிருந்து வரும் இணைப்பு உங்களுடையது என்றால், ஒன்பது வருடப் பழைய எல்என்பி இரண்டையும் பிடிக்கிறதா என்று மட்டும் டெக்னீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏறத்தான் வேண்டும். எச்டி சேனல்களை அனுப்பும் முறையில் குறைந்த இடத்தில் நிறையத் தகவலை அடைத்து அனுப்புவதால், பழைய முறையைவிட அதற்கு சிக்னல் சுத்தமாக வர வேண்டும். காற்றில் அரை விரல் அளவு நகர்ந்த தட்டில் எஸ்டி சேனல் சமாளித்து ஓடிக்கொண்டிருக்கும். எச்டி போட்டதும் படம் கட்டம் கட்டமாக உடையும். வீட்டில் எல்லோரும் புது பாக்ஸைத் திட்டுவார்கள். பாக்ஸ் மேல் குற்றமில்லை. தட்டைத் தாங்கும் நட்டு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும், அல்லது ஒயர் முனையில் உள்ள கனெக்டருக்குள் மழைத் தண்ணீர் போய்ப் பச்சை பூத்திருக்கும். ஒன்பது வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஆர்ஜி 6 ஒயரின், அதாவது டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் ஒயரின், மேலுறை வெடித்திருந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது.  காவிரிக்கரை ஊர் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். நம் பகுதியில் தட்டு நேராக எதிரே பார்ப்பதில்லை. பெரும்பாலும் தென்கிழக்கே, வெகு உயரத்தில் வானத்தைப் பார்க்கிறது. டிஷ் மாட்டிய காலத்தில் இடுப்பளவு இருந்த தென்னை இன்று மட்டையை அந்தப் பக்கம் நீட்டியிருக்கலாம்.

அப்புறம், புது இணைப்பா, பாக்ஸ் மாற்றமா? கடைக்காரருக்குப் புது இணைப்பில் கமிஷன் உண்டு, பாக்ஸ் மாற்றத்தில் பெரும்பாலும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். சில சமயம் புது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் சலுகை உண்மையிலேயே மலிவாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் இத்தனை மாதம் இந்தப் பேக்கில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கும். பழைய கணக்கில் உள்ள மீதிப் பணம் அங்கேயே நின்றுவிடும். மாடியில் இரண்டாவது தட்டு வரும். எனவே முதல் நாள் விலையைப் பார்க்காதீர்கள். பாக்ஸ், மாட்டும் கூலி, பன்னிரண்டு மாத ரீசார்ஜ் மூன்றையும் கூட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கஸ்டமர் கேரில் பேசும்போது "நான் ஒன்பது வருட வாடிக்கையாளர், எச்டி பாக்ஸுக்கு எனக்கு என்ன விலை?" என்று நேராகக் கேளுங்கள். முதலில் சொல்லும் விலையோடு ஒத்துக்கொள்ள வேண்டாம். புது ஆளுக்கு என்ன விலை என்று அவர்கள் தளத்திலேயே இருக்கும், அதைச் சொல்லிக் கேட்டால் இறங்கி வருவதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். வரும் பாக்ஸ் உங்களுக்குச் சொந்தமா வாடகையா, வாரண்டி எத்தனை காலம், பழைய பாக்ஸைத் திருப்பிக் கேட்பார்களா, டெக்னீஷியன் வந்துபோக எவ்வளவு என்பதையும் கேட்டு, குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பச் சொல்லுங்கள். முன்பு மாட்டும் கூலிக்கும் வந்துபோகும் கட்டணத்துக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் கொண்டுவந்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. எனவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு எச்சரிக்கை. "பழைய வாடிக்கையாளருக்கு இலவச எச்டி பாக்ஸ், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று யாராவது தானாகக் கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். நிறுவனத்தின் செயலியிலோ, உங்கள் பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டோ மட்டும் பணம் கட்டுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்ல வேண்டாம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களைக் குறிவைத்தே இப்படிக் கூப்பிடுகிறார்கள், அப்பாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

மாதச் செலவுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது, 100 எஸ்டி சேனல்களுக்கு மாத இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் ரூ.130, 18 சதவீத வரியோடு ரூ.153.40 என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு எச்டி சேனல் இரண்டு எஸ்டி சேனலுக்கான இடத்தை எடுத்துக்கொள்ளும். 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்றார்கள். 2024 திருத்தத்தில் இந்த உச்சவரம்பும் போய்விட்டது, இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கட்டணச் சேனல்களின் விலை இதற்கு மேல் தனி.

இங்கேதான் நிறையப் பேருக்குப் பணம் வீணாகிறது. எச்டி சேனலைச் சேர்ப்பார்கள், ஆனால் அதே சேனலின் எஸ்டி வடிவத்தை நீக்க மறந்துவிடுவார்கள். ஒரே நிகழ்ச்சிக்கு மாதாமாதம் இரண்டு முறை பணம் போய்க்கொண்டிருக்கும். ஒரே பேக்குக்குள் ஒரு சேனலின் இரண்டு வடிவங்களையும் வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒரு எஸ்டி பேக்கையும் தனியாகச் சில எச்டி சேனல்களையும் சேர்த்தால் அந்த விதி உங்களைக் காப்பாற்றாது. எல்லாவற்றையும் எச்டியில் எடுக்கவும் தேவையில்லை. வீட்டில் தினமும் ஓடும் சன் டிவி, விஜய், ஜீ தமிழ், கேடிவி இவற்றில் எது உண்டோ அது, அப்பாவுக்கு கிரிக்கெட் சேனல், அவ்வளவு போதும். செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை எஸ்டியில்தான் வருகின்றன.

இன்னும் விலை கூடிய ஆண்ட்ராய்டு பாக்ஸையோ 4கே பாக்ஸையோ தள்ளிவிடப் பார்ப்பார்கள். உங்கள் புது டிவி ஸ்மார்ட் டிவி என்றால் செயலிகள் அதிலேயே இருக்கின்றன. டிஷ் வழியாக 4கேயில் தினமும் பார்க்கும்படி தமிழில் சேனலும் இல்லை. சாதாரண எச்டி பாக்ஸே போதும்.

பாக்ஸ் வந்து மாட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பையில் எச்டிஎம்ஐ ஒயர் இல்லாமல் ஒரு வீட்டில் எச்டி பாக்ஸை மூன்று வண்ண ஒயரிலேயே மாட்டிவிட்டு, நாளை வருகிறேன் என்று வந்துவிட்டேன். வேலை நெருக்கத்தில் போகவில்லை. நான்கு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோதும் அதே ஒயர். அந்த அம்மா மாதாமாதம் எச்டிக்குப் பணம் கட்டி எஸ்டி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் ஒயரில் எச்டி போகவே போகாது. அன்று அவர் முகத்தைப் பார்த்து நான் பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே எச்டிஎம்ஐ ஒயர் மாட்டியாயிற்றா என்று பாருங்கள். படத்தோடு ஒலியும் அதிலேயே வரும், வேறு ஒயர் வேண்டாம். டிவி ரிமோட்டில் சோர்ஸை எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். பாக்ஸின் செட்டிங்கில் படத் தரம் 1080i, வடிவம் 16:9 என்று இருக்க வேண்டும். சில பாக்ஸ்களில் 576 என்றே கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கோர் பாதி மறைந்தால், டிவியின் பட அளவில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எச்டி சேனல் திறக்கவில்லை என்றால் பாக்ஸை அணைக்காமல் அந்தச் சேனலிலேயே விட்டு, செயலியில் ரெஃப்ரெஷ் கொடுங்கள். முக்கியமாக, எச்டி சேனலுக்கு எண் வேறு. அப்பாவின் விரல் பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்தும். புது எண்களைப் பெரிதாக எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பழைய பாக்ஸை அம்மா அறைக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாக்ஸ் உங்கள் சொந்தமாக இருந்து, நிறுவனம் எக்ஸ்சேஞ்சில் திருப்பிக் கேட்கவில்லை என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் அது இரண்டாவது இணைப்பாகத்தான் கணக்கில் ஏறும், அதற்குத் தனியாக மாதக் கட்டணம் உண்டு. அந்த டிவிக்கு வேறு சேனல்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அம்மா பார்க்கும் சேனல்களை மட்டும் எஸ்டியில் வைத்தால் செலவு கட்டுக்குள் இருக்கும். எல்என்பியில் இரண்டு வாய் இருக்கிறதா என்று டெக்னீஷியன் மாடிக்கு ஏறும்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாய் மட்டும் என்றால் எல்என்பியை மாற்ற வேண்டிவரும், அதையும் அதே வருகையில் முடித்துக்கொண்டால் இன்னொரு முறை வந்துபோகும் கூலி மிச்சம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் செய்துவிடுங்கள்.