ஒரு மாட் வாடகை

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பெகுவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 26. எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற தமிழ்தான் என்னுடையது. உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் வாசிப்பு ஒட்டிக்கொண்டது. ஆனால் வாங்கிப் படிக்கக் கட்டுப்படியாகவில்லை. சென்னையிலிருந்து யாராவது வந்தால் இரண்டு புத்தகம் எடுத்து வரச் சொல்வேன். பர்மியப் பணமான சாட்டின் மதிப்பு விழுந்த பிறகு அதையும் நிறுத்திவிட்டேன். கைபேசியில் மூவாயிரம் பிடிஎஃப் சேர்த்து வைத்திருக்கிறேன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கண் எரிகிறது. கிண்டில் வாங்கினால் சரியாகுமா? பிடிஎஃப் படிப்பது திருட்டு என்கிறார்களே, அது உண்மையா? இங்கே பர்மியப் புத்தகங்கள் மலிவாகத்தான் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரிதாக என்ன இருக்கிறது? குறைந்த செலவில் நிறையப் படிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெகுவிலிருந்து ஒரு வாசகன் (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரியைக் காலி செய்து திண்ணையில் பரப்பி வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் யாங்கோனில் புத்தகம் வைத்திருக்கிறவனுக்கு அதுதான் முதல் வேலை. ஒவ்வொன்றாக எடுத்துப் பூஞ்சையைத் துடைத்து, விரித்து, காற்றாட வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வந்ததால்தான் உங்களுக்கு உடனே பதில். உங்களுக்கு முன்னால் எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கிண்டில் வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் விடுங்கள். பிடிஎஃப் எல்லாம் திருட்டு இல்லை. மதுரைத் திட்டம் என்ற இணைய முயற்சி 1998 பொங்கலன்று தொடங்கியது. முகம் தெரியாத பலர் தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, சும்மா கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கும். இலங்கைப் புத்தகங்கள் வேண்டுமென்றால் 'நூலகம்' என்ற இணையதளத்துக்குப் போங்கள். இதெல்லாம் நேர்மையான வழி, ஓர் ஆயுளுக்குப் போதும். உயிரோடு இருக்கிற எழுத்தாளன் போன மாதம் வெளியிட்டதை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் போட்டால் அது திருட்டு. என் புத்தகமும் அப்படிச் சுற்றுகிறது. உங்கள் மூவாயிரத்தில் அதுவும் கிடக்கும். படித்தீர்கள் என்றாலாவது எனக்கு ஆறுதல்.

டீக்கடைக்குப் போவதை நிறுத்தி அந்தக் காசில் புத்தகம் வாங்கு என்று யாராவது உபதேசம் செய்வார்கள். கேட்காதீர்கள். இந்த ஊரில் பாதிப் புத்தகம் கைமாறுவதே டீக்கடை முக்காலியில்தான்.

சரி, இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "அவற்றில் பெரிதாக என்ன இருக்கிறது?"

தம்பி, நீங்கள் பிறந்தது இந்த மண்ணில். பள்ளிக்கூடத்தில் படித்தது பர்மியில். கடையில் நாள் முழுக்க எழுதும் கணக்கும் பர்மியில்தான் இருக்கும். காதலித்தால் அதையும் பாதி பர்மியில்தான் சொல்வீர்கள். ஆனால் அந்த மொழியில் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்க்காமலே அதில் ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். காசு இல்லை என்பது உங்கள் குறை என்று நினைத்துத்தான் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினேன். அந்த வரி வந்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பந்தியில் இலை போட்டுக் கூப்பிடுகிறார்கள், நீங்கள் சென்னைச் சாப்பாடு கப்பலில் வரும் என்று கரையில் நிற்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான். ஆனால் உங்கள் மேல் மட்டும் இல்லை. இங்கே நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இந்த எண்ணம் உண்டு. என் அப்பாவுக்கும் இருந்தது.

எங்கள் வீடு யாங்கோனில் தாம்வே பகுதியில். அப்பா அரிசி ஆலையில் எழுத்தர். தமிழில் அவருக்குக் கம்பராமாயணம் முதல் ஓமியோபதி வரை எல்லாம் வரும். பர்மிய மொழி நாக்கில் மட்டும்தான், எழுத்து ஒன்று தெரியாது. எங்கள் வீட்டில் தமிழ்ப் புத்தகம் நிறைய இருந்தது. அதற்கு அவர் ஒரு சாட்கூடச் செலவழித்ததில்லை. 1964-இல் கடைகள் தேசியமயமாகிப் பிழைப்பு போனபோது தெருத் தெருவாக நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் போனார்கள் என்கிறார்கள். நகையும் பணமும் கொண்டுபோக விடவில்லை. புத்தகத்தை யார் தூக்குவார்கள்? "நீங்கள் இங்கேதானே இருக்கப் போகிறீர்கள், வைத்திருங்கள், ஆள் அனுப்புகிறோம்" என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் ஆள் அனுப்பவில்லை. எங்கள் அலமாரியில் இருந்த எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் வேறு யாருடைய பெயரோ இருக்கும். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், இருந்தபோது நடத்திய 'ஜோதி' பத்திரிகை இதழ்கள் சிலவும் அதில் இருந்தன. 1942-இல் அவரும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குத் தப்பி இந்தியாவுக்கு நடந்து போனவர். செலவில்லாமல் புத்தகம் சேர்வது பற்றிக் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து முழுதும் செலவில்லாமல் சேர்ந்த நூலகம் அது ஒன்றுதான்.

பத்து வயதுக்குள் அந்த அலமாரியில் எனக்குப் புரிவதெல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தெரு முனை வாடகைக் கடை. பர்மியில் புத்தகத்துக்குச் சாஓ என்று பெயர், அதனால் எங்கள் தெருத் தமிழில் அது சாஓ கடை. நடத்திய அம்மாவை டோடோ என்று கூப்பிடுவோம். எட்டடிக்கு ஆறடி இருக்கும், தரையிலிருந்து கூரை வரை புத்தகம். ஒவ்வொன்றையும் டோடோவே தடித்த அட்டை வைத்து, முதுகில் ஊசியால் துளை போட்டு, நூலால் இறுக்கித் தைத்திருப்பார். அதனால் புத்தகம் முழுசாக விரியாது, உள் ஓரத்து எழுத்தைக் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். வாடகை இரவுக்கு ஒரு மாட், அதாவது 25 பியா, கால் சாட். மறுநாள் மாலை விளக்கு வைப்பதற்குள் திருப்பாவிட்டால் இன்னொரு மாட். பௌர்ணமிக்குக் கடை மூடியிருக்கும். அதற்கு முதல் நாள் எடுத்தால் ஒரு வாடகையில் இரண்டு இரவு. பஞ்சாங்கத்தை எங்கள் வீட்டில் அப்பாவைவிட நான்தான் அதிகம் பார்த்தேன்.

சில புத்தகங்களில் கறுப்பு மையோ வெள்ளி மையோ பூசிய வரிகள் இருக்கும், சிலதில் பக்கமே கிழிந்திருக்கும். அந்தக் காலத்தில் அச்சாகும் எதுவும் தணிக்கைக்குப் போயாக வேண்டும். முன் தணிக்கை ஒழிந்தது 2012 ஆகஸ்டில்தான். அப்புறம் என்னென்னவோ நடந்தது, அது வேறு கதை. மை பூசிய பக்கத்தைப் பின்பக்கம் திருப்பி விளக்குக்கு எதிரே பிடித்தால் அச்சு அழுத்தம் கொஞ்சம் தெரியும். அந்தப் பக்கங்கள்தான் கை பட்டு அழுக்கேறி இருக்கும்.

ஒரு நாள் அப்பா, "தினம் ஒரு மாட் வாங்கிக்கொண்டு போகிறாயே, அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டார். பார்த்தீர்களா, உங்கள் கேள்விதான். இருட்டில் உட்கார்ந்திருந்தோம், மின்சாரம் போயிருந்தது. நான் அன்று படித்ததைத் தமிழில் சொன்னேன். லூது ஊ ஹ்லா என்று மாண்டலேக்காரர். 1950-களில் சிறையில் இருந்தபோது கூட இருந்த கைதிகளை உட்காரவைத்து அவரவர் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லி எழுதியவர். திருடன், ஓடிப்போனவன், யாருக்கோ பதிலாக உள்ளே வந்தவன் என்று ஒவ்வொருவரும் தன் வாயாலேயே பேசுவான். அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், "அந்தப் பையன் வெளியே வந்தானா?" என்றார்.

அதிலிருந்து தினம் இரவு அது நடந்தது. வாடகை அவர் கொடுப்பார், படிப்பது நான், சொல்வதும் நான். ஒரு மாட்டுக்கு இரண்டு வாசகர். அம்மாவையும் சேர்த்தால் மூன்று. கேட்காத மாதிரி அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

ஒருமுறை முடிவதற்குள் திருப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. கையில் மாட் இல்லை. கொடுத்துவிட்டு வந்து, முடிவை நானே கட்டிச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணம் நடந்தது என்று. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது புத்தகத்தில் இல்லை. இது நீ சொன்னது" என்றார். ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் துழாவி ஒரு மாட்டை எடுத்து நீட்டினார். "நாளைக்குப் போய் மறுபடி எடு." எடுத்தேன். உண்மையான முடிவில் அவள் செத்துப்போகிறாள். அப்பா சரி என்று தலையாட்டினார். ஏமாற்றப்பட்டதற்கு அல்ல, மலிவாக ஏமாற்றப் பார்த்ததற்குத்தான் அவருக்குக் கோபம் என்று இப்போது நினைக்கிறேன்.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை நான் முதலில் படித்ததும் பர்மியில்தான், மியா தன் டின்ட்டின் மொழிபெயர்ப்பில். தடித்த புத்தகம். பல நாள் வாடகை ஆயிற்று. அதில் வரும் பிரபுக்களின் பெயர்களை அப்பாவால் நினைவு வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் எங்கள் தெருக்காரர் ஒருவரின் பெயரை வைத்துத்தான் கேட்டார். பியர் எங்கள் தெருக் கோடியில் சைக்கிள் பழுது பார்த்தவர்.

பர்மியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கண் எரிச்சலைப் பற்றி. அது கண் எரிச்சல் இல்லை தம்பி. டோடோ கடைப் புத்தகத்தை மண்ணெண்ணெய் விளக்கில், கழுத்தைச் சாய்த்து, நள்ளிரவு வரை படித்தேன். மறுநாள் மாலை அது என்னிடம் இருக்காது என்பதால் படித்தேன். உங்கள் மூவாயிரம் பிடிஎஃப்பை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. அதனால் அவற்றுக்கு அவசரமில்லை, உங்களுக்கும் இல்லை. 2014-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 சாட்டுக்கு சிம் கார்டு விற்றன. அதற்கு முன்னால் ஒரு சிம் விலைக்கு டோடோ கடையையே வாங்கியிருக்கலாம். ஊர் முழுக்கக் கைபேசி வந்தது. நான் பார்க்கப் பார்க்க எங்கள் பக்கத்து வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக டாப்-அப் கார்டு விற்கும் கடைகளாக மாறின. டோடோ கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை தொங்குகிறது.

எழுத எழுத எங்கேயோ போய்விட்டேன். வழி கேட்டீர்கள். மூவாயிரத்தில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். அழிக்க மாட்டீர்கள், தெரியும். பெகு சந்தைப் பக்கம் வாடகைக் கடை உண்டா என்று விசாரியுங்கள். கோயில் வகுப்பில் கூடப் படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் என்று தேதி போட்டுச் சுற்றில் விடுங்கள். தாமதித்தால் அபராதம், அதில் டீ. மாதம் ஒரு முறை யாங்கோன் வரும்போது பன்சோடான் தெரு நடைபாதையில் உட்கார்ந்து பழைய புத்தகங்களைக் கிளறுங்கள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிற கடைக்காரர்கள் அங்கே உண்டு. பேரம் பேசும்போது பர்மியில் அந்த எழுத்தாளரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள். விலை தானாக இறங்கும். அதற்கு முதலில் அவரைப் படித்திருக்க வேண்டும்.

சாட் விழுந்தது எனக்கும் தெரியும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 1,330 சாட் அளவில் இருந்தது, வெளிச் சந்தையில் 4,000-ஐத் தாண்டிப் போயிற்று. காகிதமும் அச்சு மையும் வெளியிலிருந்து வர வேண்டும், புத்தக விலை ஏறாமல் என்ன செய்யும். ஆனால் பணம் இந்த ஊரில் நமக்கு முன்பும் விளையாட்டுக் காட்டியிருக்கிறது. அப்பா என் பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு என்று ஒன்பது 75 சாட் நோட்டுகளை அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்திருந்தார். 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக் கொடுக்கவும் இல்லை. அப்பா அவற்றை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டார். அலமாரியைத் துடைத்தபோது போன வாரம் மறுபடி கண்ணில் பட்டன. ஒன்றுகூடப் பூஞ்சை பிடிக்கவில்லை. அதில் ஒன்றை இப்போது நான் படிக்கிற புத்தகத்தில் அடையாளமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை யாங்கோன் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அலமாரியிலிருந்து ஒன்று எடுத்துப் போகலாம், ஒரு மாதத்துக்கு. வேறு யாருடைய பெயரோ எழுதியிருக்கும், கிறுக்காதீர்கள். முன்பணம் உண்டு. பணமாக வேண்டாம், ஒரு பர்மியப் புத்தகம் கொண்டு வாருங்கள். உட்காரவைத்துக் கதை கேட்பேன். முடிவை நீங்களே கட்டிச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.