பதினான்கு நாளில் பதினோரு ஊரா?

கேள்வி: நானும் தம்பியும் நவம்பர் இரண்டாம் பாதியில் வியட்நாம் போகிறோம். முதுகுப் பையோடு, மொத்தம் 14 நாள், 13 இரவு. ஹனோய், சா பா, ஹா ஜியாங், ஹாலாங் விரிகுடா, நின் பின், ஹூவே, ஹோய் ஆன், டா லாட், சைகோன், மீகாங், ஃபூ கோக் தீவு என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனால் எல்லாம் முடியும் என்கிறான் தம்பி. பைக்கும் ஓட்டப் போகிறானாம். நான் சைவம். இந்தத் திட்டம் சரிவருமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: சரிவராதும்மா. பதினோரு ஊர் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். நீங்கள் போகும் மாதத்தை இந்தப் பட்டியல் கவனிக்கவே இல்லை. ஹனோயிலிருந்து சைகோனுக்கு (இன்றைய ஹோ சி மின் நகரம்) ரயில் பாதையே 1,726 கிலோமீட்டர். இவ்வளவு நீளமான நாட்டில் எல்லா இடத்திலும் ஒரே பருவம் இருக்காது. நவம்பரில் வடக்கே மழை ஓய்ந்து இதமான குளிர் தொடங்கியிருக்கும். தெற்கிலும் மழை விடைபெறும் நேரம். நடுப்பகுதியில் மட்டும் அப்போதுதான் அடைமழை. 2025 அக்டோபர் கடைசியில் ஹூவே, ஹோய் ஆன் இரண்டுமே வெள்ளத்தில் மூழ்கின. ஹோய் ஆன் பழைய நகரத் தெருக்களில் படகு விட்டார்கள். வருஷா வருஷம் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், நவம்பரில் அங்கே மூன்று நாள் ஒதுக்குவது சூதாட்டம்தான்.

அதனால் என் முதல் கேள்வி: லீவை மார்ச்சுக்குத் தள்ள முடியுமா? முடிந்தால் வடக்கிலிருந்து தெற்கு வரை நேர்கோடாகப் போகலாம், அதுவும் ரயிலில். ஹூவேயிலிருந்து டா நாங் வரையுள்ள மூன்று மணி நேரப் பயணத்தைத் தவறவிடக் கூடாது. ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே ரயில் ஊர்ந்து போகும். தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல் கேளுங்கள். ஹோய் ஆனுக்கு ரயில் நிலையம் கிடையாது. டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் சாலையில் போகவேண்டும். அங்கிருந்து மீ சோன் பக்கம். அந்தக் காலச் சம்பா நாட்டு மன்னர்கள் செங்கல்லால் கட்டிய சிவன் கோயில்கள், சமஸ்கிருதக் கல்வெட்டுகள். காலையில் வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

மார்ச் முடியாது, நவம்பர்தான் என்றால் நடுப்பகுதியை மொத்தமாக வெட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் வடக்கில் நிதானமாக இருந்துவிட்டு ஒரே விமானத்தில் தெற்கே இறங்குவதுதான் அந்த மாதத்துக்கு ஏற்ற வழி. சா பாவா, ஹா ஜியாங்கா என்றால் ஹா ஜியாங். இரண்டும் மலை, இரண்டும் படிக்கட்டு வயல். சா பாவில் ஹோட்டல்கள் பெருகிவிட்டன. வயல்களிலும் நவம்பரில் அறுவடை முடிந்திருக்கும். ஹா ஜியாங்கிலோ அப்போது பக்வீட் என்ற தானியச் செடி பூக்கும் காலம். சரிவெல்லாம் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃபூ கோக்கும் டா லாட்டும் இந்த முறை வேண்டாம்.

என் கணக்கு இதோ. ஹனோயில் 2 இரவு. மூன்றாம் நாள் பகல் பஸ்ஸில் ஹா ஜியாங் ஊருக்கு, சுமார் 300 கிலோமீட்டர். (2025 ஜூலையில் அந்த மாகாணத்தைத் துயென் குவாங்கோடு இணைத்துவிட்டார்கள். புதிய வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.) அன்று அங்கே தூங்கி, மறுநாள் காலையிலிருந்து மூன்று நாள் மலைச்சுற்று. திரும்பி வந்த இரவு மட்டும் படுக்கை பஸ், நேராக நின் பின்னுக்கு. அங்கே 2 இரவு, சைக்கிளும் படகும். பிறகு பஸ்ஸும் படகுமாகக் காட் பா தீவுக்கு, 2 இரவு. ஹாலாங்கில் பார்க்க நினைத்த அதே சுண்ணாம்புப் பாறைகள்தான் பக்கத்து லான் ஹா விரிகுடாவிலும் நிற்கின்றன. கூட்டம் குறைவு. 2023இல் யுனெஸ்கோவும் காட் பாவை ஹாலாங்கோடு சேர்த்துவிட்டது. அங்கிருந்து ஹனோய்க்குத் திரும்ப வேண்டாம். பக்கத்து நகரமான ஹாய் ஃபோங்கிலேயே சைகோனுக்கு விமானம் இருக்கிறது. சைகோனில் ஓர் இரவு, மீகாங் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள கான் தோவில் ஓர் இரவு, கடைசி இரவு மறுபடி சைகோன். கான் தோவின் மிதவைச் சந்தைக்கு விடியுமுன் போகவேண்டும். சாலைகள் வந்தபின் படகுகள் குறைந்துவிட்டன, பழைய புகைப்படங்களை நம்பிப் போகாதீர்கள்.

தம்பியின் இரவு பஸ் யோசனையில் ஒரு ஓட்டை. படுக்கை இருக்கும், ஆனால் குட்டை. நெட்டையான ஆளுக்குக் கால் நீட்ட முடியாது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு உருள வேண்டும். விடிகாலை நான்கு மணிக்கு இறக்கிவிடுவார்கள், விடுதி அறையோ மதியம்தான் கிடைக்கும். மிச்சப்படுத்திய இரவை மறுநாள் பகலில் தூங்கித் தீர்ப்பீர்கள். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தினேன்.

பைக் விஷயத்தில் நான் கறார். நம் ஊர் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி உள்ளது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு உடன்படிக்கை உரிமத்தை. அதனால் நம் உரிமம் அங்கே செல்லாது. வாடகைக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். போலீஸ் பிடித்தால் அபராதம், விழுந்தால் பயணக் காப்பீட்டுக்காரர் கைவிரிப்பார். ஹா ஜியாங் மலைச்சுற்றில் வரும் மா பி லெங் கணவாயில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளத்தில் ஞோ குவே ஆறு. உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகலாம். 'ஈஸி ரைடர்' என்று கேளுங்கள். தம்பிக்குக் கௌரவம் இடிக்கும். ஆனால் வேடிக்கை பார்க்க வாய்ப்பு பின் சீட்டில்தான்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். 'ஆன் சாய்' என்றால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள்; 'சாய்' போட்ட பலகைகள் எல்லா நகரத்திலும் உண்டு. பௌர்ணமியன்றும் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் உள்ளூர்க்காரர்களே பலர் சைவம்தான். எதிரி மீன் சாஸ். காய்கறிப் பொரியலில்கூட ஊற்றுவார்கள். சோயா சாஸ் போடச் சொல்லுங்கள். ஹா ஜியாங்கில் வீட்டுத் தங்கலில் எல்லோருக்கும் ஒரே பந்தி என்பதால், பதிவு செய்யும்போதே சொல்லிவைக்க வேண்டும். கடைசி நாள் சைகோனில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். தமிழர்கள் கட்டிய கோயில். இன்று வணங்க வருபவர்களில் வியட்நாம்காரர்களே அதிகம்.

பணத்தில் ஓர் எச்சரிக்கை: 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுத்தால் 25 மடங்கு போய்விடும். இரண்டையும் தனித்தனிப் பையில் வையுங்கள்.

ஹனோயில் இறங்கி சைகோனில் ஏறும்படி விமான டிக்கெட் எடுங்கள். அப்புறம் இ-விசா. ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். கூகுளில் மேலே வருபவற்றில் பல தரகர்களுடையவை. விண்ணப்பத்தில் நுழையும் இடம், வெளியேறும் இடம் இரண்டும் கேட்பார்கள். டிக்கெட்டைப் பார்த்தே நிரப்புங்கள். உள்நாட்டு மலிவு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான், வாசலில் நிறுத்தி எடை போடுவார்கள். ஹா ஜியாங் குளிருக்கு ஜாக்கெட் வேண்டும். அதை உடுத்திக்கொண்டே விமானம் ஏறுங்கள்.