கல்லே விழவில்லை, சன்ரூஃப் எப்படி வெடித்தது?

கேள்வி: தனுஷ்கோடி போய்விட்டுக் கீழக்கரை திரும்பும்போது, மண்டபம் தாண்டியதும் தலைக்கு மேலே டமார் என்று ஒரு சத்தம். காரை நிறுத்திப் பார்த்தால், கூரையில் இருக்கும் சன்ரூஃப் கண்ணாடி நொறுங்கி நடுவில் ஓட்டை. முன்னால் லாரியும் இல்லை, கல்லும் விழவில்லை. சர்வீஸ் சென்டரில் 'கல் பட்டிருக்கும், வாரண்டி கிடையாது' என்கிறார்கள். வெயிலில் வெடித்திருக்குமா?

பதில்: வெயில் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலான சன்ரூஃப்கள் டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதிச் சட்டென்று ஆற வைத்துச் செய்வது. தனுஷ்கோடிக் கோடியில் அரிச்சல்முனையில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றதற்கெல்லாம் நல்ல நிலையில் உள்ள கண்ணாடி அசையாது.

ஆனால் அப்படி ஆற வைப்பதில்தான் வினையும் இருக்கிறது. மேல்தோல் இறுகி அமுங்கியிருக்கும், உள்ளே இழுவிசை காத்துக்கொண்டிருக்கும், எங்காவது ஒரு கீறல் அந்த உள்பகுதியைத் தொட்டுவிட்டால் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் கல் உப்பு மாதிரி உதிர்ந்துவிடும். அந்தக் கீறல் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டியதில்லை. போன வாரம் தெறித்த கல் விட்ட சின்னச் சில்லு, மாட்டும்போது ஓரத்தில் பட்ட அடி, இரண்டும் நாள் கழித்து வேலையைக் காட்டும். அபூர்வமாக, கண்ணாடிக்குள்ளேயே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் மெல்ல மெல்லப் பருத்து உடைப்பதும் உண்டு. நம் கடற்கரையில் நான் கூடுதலாகச் சந்தேகப்படுவது கண்ணாடி நகரும் தடத்தில் அடைந்த மணலையும் ஃப்ரேமில் ஏறிய உப்புத் துருவையும்தான். கண்ணாடி சமமாக உட்காராமல் ஒரு மூலை மட்டும் பாரம் தாங்கும்.

ஆகவே சர்வீஸ் சென்டர் சொன்னது பொய் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். அதே சமயம், பார்க்காமலே 'கல்' என்றால் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். கூட்டிப் பெருக்க விடாதீர்கள், முதலில் போட்டோ. விரிசல்கள் சக்கரத்தின் ஆரக்கால் போல எந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மறைப்பான சன்ஷேடில் விழுந்த துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அவற்றில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி ஒட்டியிருக்கும் இரண்டு பெரிய துண்டு கிடைத்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள், நிக்கல் சல்பைடுக்கு அதுதான் அடையாளம்.

வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது எங்கும் செல்லாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் அவகாசம் இருக்கிறது. முழு இன்ஷூரன்ஸ் என்றால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ஆனால் க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகலாம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் கைக்காசுதான்.

புதுக் கண்ணாடி வரும்வரை சன்ஷேடை மூடி, மேலே தடித்த பாலித்தீன் ஒட்டி மெதுவாக ஓட்டலாம். அப்புறம், அதோடு பாம்பன் பாலம் ஏறிவிடாதீர்கள், பாதி வழியிலேயே காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்.