மெட்டாலிகா ராக் இசைக்குழுவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிடார் ஏன் கேட்பதே இல்லை?

மேடையில் அதிரும் பேஸ், 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் மட்டும் எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள். பேஸ் கிடாரிஸ்ட் ஜேசன் நியூஸ்டெட் வாசிக்காமல் இல்லை, மிக்ஸிங்கில், அதாவது பதிவான ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கும்போது, பேஸை அமுக்கிவிட்டார்கள். டிரம்மர் லார்ஸ் உல்ரிக்தான் பேஸைக் குறைக்கச் சொன்னார் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன் பின்னாளில் பேட்டியில் சொன்னார். அப்புறம், கிடாரும் பேஸும் பல இடங்களில் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) வாசிக்கின்றன. பாடகரும் கிடாரிஸ்ட்டுமான ஹெட்ஃபீல்டின் கிடாரிலேயே அடி ஒலி கனமாக இருப்பதால், பேஸ் தனியாகப் பிரிந்து கேட்பது கஷ்டம்.

1989 சியாட்டில் கச்சேரிப் பதிவைக் கேளுங்கள். அதே பாட்டுகளில் நியூஸ்டெட் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) அடிக்கும் அடி நறுக்கென்று விழும். என்னைக் கேட்டால், அந்தப் பாட்டுகளின் முழு உருவம் அங்கேதான் இருக்கிறது. பாப் ராக் (Bob Rock) என்ற தயாரிப்பாளர் தயாரித்த 1991 மெட்டாலிகா ஆல்பத்தில் ஸ்டூடியோவிலும் பேஸ் முன்னுக்கு வந்துவிட்டது.